புல்லட்டில் வருவது யார்?

1970களில் தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரத்திலும் புல்லட் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காவல் நிலைய இன்ஸ்பெக்டர், ரைஸ் மில் முதலாளி, ஊருக்கு வெளியே தோப்பும் பம்ப்செட்டும் வைத்திருக்கும் பெரிய பண்ணைக்காரர், விடுமுறையில் வரும் ராணுவ அதிகாரி. வண்டி தெருமுனையில் திரும்பும் முன்பே சத்தம் வந்து சேர்ந்துவிடும். திண்ணையில் இருப்பவர்கள் தலையைத் தூக்காமலே வருவது யார் என்று சொல்லிவிடுவார்கள். சைக்கிள்காரர் ஓரமாக ஒதுங்குவார். டீக்கடை பெஞ்சில் இடம் காலியாகும். அந்த மரியாதையில் ஆளுக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

இன்று அதே நகரத்தில் கல்லூரி வாசலில் வரிசையாகப் புல்லட்டுகள் நிற்கின்றன. ஐ.டி. ஊழியர், ஜிம் பயிற்சியாளர், மொபைல் கடைக்காரர், பள்ளி ஆசிரியை என்று எல்லோரிடமும் இருக்கின்றன. 2024-25 நிதியாண்டில் புல்லட்டைத் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் விற்ற வண்டிகள் 10 லட்சத்தைத் தாண்டின. அத்தனை பேரிடம் இருக்கும் ஒன்று எப்படி இன்னும் அந்தஸ்தின் அடையாளமாக இருக்க முடியும்? ஆனாலும் இருக்கிறது. முன்பு வண்டியை வைத்திருந்தாலே போதும், மதிப்பு வந்துவிடும். இப்போது எதை ஓட்டுகிறார், எங்கே ஓட்டிச் சென்றார், யாருடன் சென்றார் என்பதில் அது இருக்கிறது. சில ஊர்களில் மட்டும் இன்றுவரை, யார் ஓட்டுகிறார் என்பதில் இருக்கிறது.

புல்லட் பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில். வளர்ந்தது வடசென்னையில். 1949இல் சுந்தரம் ஐயர் என்பவர் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி இந்த வண்டிகளை இறக்குமதி செய்தார். எல்லைப் பகுதிகளில் ரோந்து செல்ல ராணுவத்துக்கு உறுதியான வண்டி தேவைப்பட்ட காலம் அது. அரசின் ஆர்டர் பெரிதாக வந்தது. 1955இல் ராயல் என்ஃபீல்டின் ஆங்கில நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்க, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உதிரிகளைப் பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்துக்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. 1967இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது, சில ஆண்டுகளில் ஆங்கில நிறுவனமே இல்லாமல் போனது. திருவொற்றியூர் நிற்காமல் ஓடியது. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது.

அந்தத் தொழிற்சாலையில் இன்னொரு மரபும் உண்டு. புல்லட்டின் பெட்ரோல் டேங்கில் ஓடும் தங்க நிறக் கோடுகளைத் தூரிகை பிடித்துக் கையாலேயே போடுவார்கள். அண்ணன் தம்பிகளான ஓவியர்கள் வளைந்த உலோகத்தின் மேல் ஒரே மூச்சில் கோடிழுக்கும் காட்சியை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். லட்சக்கணக்கில் வண்டி தயாராகும் காலத்திலும் அந்தக் கோடு கையால் போடப்பட்டது என்பதைச் சொல்லிக்கொள்வதில் புல்லட்காரர்களுக்குத் தனிப் பெருமை.

சத்தத்துக்கு வருவோம். பழைய 350 புல்லட்டின் எஞ்சின் 346 சிசி, ஒரே சிலிண்டர். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருக்குள் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்க வேண்டும். கூடவே கனமான ஃப்ளைவீல். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவைதான் வெடிப்பு நடக்கும். எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. நான்கு சிலிண்டர் வண்டியில் அவையெல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகிவிடும். புல்லட்டின் ‘டுப் டுப்’ வேகத்தின் சத்தமே இல்லை. அந்த எஞ்சினின் திறன் 18 குதிரைத்திறன்தான். ஆனால் அவசரமில்லாத, கனமான ஒலி. அவசரப்படத் தேவையில்லாத மனிதரின் வண்டி என்று ஊர் அதைப் புரிந்துகொண்டது.

ஸ்டார்ட் செய்வதே ஒரு வித்தை. எஞ்சினின் அழுத்தத்தைக் குறைக்கும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் லீவரை விட்டுவிட்டு ஒரே மிதி. கணக்குத் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கிவிடும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டி ஓட்டிப் பழகியவர் புல்லட்டில் ஏறினால் பிரேக்குக்குப் பதில் கியரை மிதிப்பார். ஆக, வாங்கப் பணம் இருந்தால் மட்டும் போதாது. ஓட்டத் தெரிந்தவர் என்ற பெயரும் வேண்டும். அந்தப் பெயர் ஆண்களுக்கு மட்டுமே என்பது அன்று எழுதப்படாத சட்டம்.

புல்லட் எட்டாதவர்களுக்கு வேறு இரண்டு வண்டிகள் இருந்தன. போலந்து வண்டியொன்றின் வடிவத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ராஜ்தூத் 175, வட இந்தியாவில் பால் கேன் தொங்கவிட்டுக் கிராமம் கிராமமாகச் சுற்றியது. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் தயாரித்த ஜாவாவும், பிறகு 1973இல் வந்த யெஸ்டியும் தென்னிந்தியக் கல்லூரி விடுதிகளின் வண்டிகள். யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான். மிதித்து ஸ்டார்ட் செய்துவிட்டு அதையே முன்பக்கம் மடக்கினால் கியர். இரண்டு சைலன்சரும் புகையுமாக அது கிளம்பும்போது விடுதி முழுக்கத் தெரியும். அந்த நிறுவனம் 1996இல் மூடப்பட்ட பிறகும், ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறை ஜாவா யெஸ்டி தினமாகக் கொண்டாட அதன் பற்றாளர்கள் பழைய வண்டிகளைத் துடைத்து எடுத்து வருகிறார்கள்.

அந்தக் காலத்து அந்தஸ்தின் பெரும்பகுதி தட்டுப்பாட்டிலிருந்து வந்தது. எத்தனை வண்டி தயாரிக்கலாம் என்பதை அரசு உரிமம் தீர்மானித்தது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். மகன் பிறந்ததும் பதிவு செய்தால் அவன் கல்யாணத்துக்குள் வந்துவிடும் என்று பேசிக்கொண்ட காலம். கிடைக்காத பொருளுக்கு மதிப்பு ஏறியது. கல்யாணப் பேச்சில் சீர்வரிசைப் பட்டியலில் வண்டி இடம்பிடித்தது. 1961இலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டாலும், மாப்பிள்ளைக்கு எந்த வண்டி என்ற கேள்வி இன்றுவரை பல வீடுகளில் கேட்கப்படுகிறது. அந்தக் கேள்வியால் கடனாளியான தகப்பன்மார்களின் கதையைச் சேர்க்காமல் வண்டியின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

1980களில் கதை திரும்பியது. ஜப்பானிய நிறுவனங்களுடன் கூட்டு சேர அரசு அனுமதித்தது. 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி வந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டில் யமஹா ஆர்எக்ஸ் 100, அடுத்து கவாசாகி பஜாஜ். எல்லாம் நூறு சிசியை ஒட்டிய வண்டிகள். இவற்றில் இரண்டு, இரண்டு வேறு மனிதர்களை உருவாக்கின.

சிடி 100 லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்தது. பெட்ரோலை ஊற்று, மூடியைப் போடு, மறந்துவிடு என்பதுதான் அதன் செய்தி. மாதச் சம்பளக்காரருக்கு அதைவிட இனிய செய்தி கிடையாது. 1994இல் வந்த ஸ்ப்ளெண்டர் அதே வழியில் சென்று, உலகிலேயே மிக அதிகம் விற்கும் பைக்குகளில் ஒன்றானது. மனைவி பின்னால், பெரிய பிள்ளை நடுவில், சின்னது டேங்க் மேல் என்று ஒரு குடும்பத்தையே சுமந்த வண்டி. இதிலும் ஒரு கௌரவம் இருந்தது. நிரந்தர வேலை, ஒழுங்கான வருமானம், பஸ்ஸுக்குக் காத்திருக்காத வாழ்க்கை. வீட்டு முன்னால் நிற்கும் ஸ்ப்ளெண்டர் அதைச் சொன்னது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் 11.7 சதவீதத்திடம்தான் இருசக்கர மோட்டார் வாகனம் இருந்தது. 2011இல் அது 21 சதவீதமானது.

ஆர்எக்ஸ் 100 பேசியது வேறு மொழி. 98 சிசி எஞ்சினில் 11 குதிரைத்திறன், வண்டியின் எடையோ ஏறத்தாழ நூறு கிலோ. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் வெடிப்பு, ஆக்சிலரேட்டரை முறுக்கினால் முன்சக்கரம் எழும்பும். விலை அதிகமில்லை, ஆனால் சிக்னலில் பெரிய வண்டிகளை எல்லாம் பின்னால் விட்டுச் செல்லும். பணக்காரரின் கம்பீரத்துக்கு எதிரே, பணமில்லாத இளைஞனின் வேகம் முதல் முறையாக ஒரு மரியாதையைச் சம்பாதித்தது. பெட்ரோலோடு ஆயிலையும் எரித்துப் புகை விட்டதால் புதிய மாசு விதிகளுக்கு முன்னால் டூ ஸ்ட்ரோக்கால் நிற்க முடியவில்லை. 1996இல் ஆர்எக்ஸ் 100 நின்றது, அதன் தம்பிகளும் பிறகு நின்றன. இன்று நன்றாகப் பராமரித்த ஒரு ஆர்எக்ஸ் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிக் கைமாறுகிறது. சென்னைப் புதுப்பேட்டையில் அதன் ஒரிஜினல் பாகத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்குபவர்களில் பலர், அந்த வண்டி நின்ற பிறகு பிறந்தவர்கள்.

அடுத்த அலை 2001இல் பல்சரோடு வந்தது. பஜாஜ் நிறுவனம் அதை ஆண்மையின் வண்டி என்று வெளிப்படையாகவே விளம்பரப்படுத்தியது. அகன்ற டேங்க், தடித்த டயர், 150 சிசி. அதே காலத்தில் தனியார் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வண்டிக் கடனை ஷோரூமுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தன. கொஞ்சம் முன்பணம், மீதி மாதத் தவணை. ‘டியூ கட்டிட்டு இருக்கேன்’ என்பது ஒரு தலைமுறையின் வாழ்க்கை நிலவரமானது. இதை 2007இல் வெற்றிமாறன் இயக்கிய ‘பொல்லாதவன்’ நுட்பமாகப் பிடித்தது. வடசென்னை இளைஞன் ஒருவனுக்கு பல்சர் கிடைத்ததும் வீட்டிலும் தெருவிலும் அவன் நிலையே மாறுகிறது, வேலையும் காதலும் கைகூடுகின்றன. வண்டி திருடு போனதும் எல்லாம் ஆட்டம் காண்கிறது. அந்தப் படத்தில் வண்டிதான் கதை. ஒரு இளைஞனின் தன்மதிப்பு முழுவதையும் ஒரு பொருள் மேல் ஏற்றிவைத்தால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன தமிழ்ப் படங்கள் குறைவு.

இந்த அலையில் புல்லட் கிட்டத்தட்ட மூழ்கியது. ஆயில் ஒழுகும், கனமானது, பெட்ரோல் குடிக்கும், மெக்கானிக் இல்லாமல் ஓடாது. இவைதான் அதன் அடையாளங்களாயின. லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று விவசாயிகளை நம்பி விற்ற டீசல் புல்லட்டும் கைகொடுக்கவில்லை. 1994இல் ஐஷர் குழுமம் என்ஃபீல்டு இந்தியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 2000இல் விற்பனை மாதத்துக்கு 2,000 வண்டிகளை ஒட்டிச் சுருங்கியபோது, மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தது. ஐஷர் குழும உரிமையாளரின் மகன் சித்தார்த்த லால், அப்போது 26 வயது, ஒரு வாய்ப்பு கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு குழுமத்தின் 15 தொழில்களில் பெரும்பாலானவற்றை விற்றுவிட்டு இரண்டில் மட்டும் கவனம் வைத்தார். அதில் ஒன்று புல்லட்.

அவர் முன் இருந்த சிக்கல் நுணுக்கமானது. ஒழுகாத, உதைக்காத, எல்லோரும் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும். ஆனால் அப்படி மாற்றினால் பழைய பக்தர்கள் கோபித்துக்கொள்வார்கள். கியரை இடது காலுக்கு மாற்றியதற்கே எதிர்ப்பு. வார்ப்பிரும்பு எஞ்சினுக்குப் பதில் புதிய எஞ்சின், பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட், ஆனால் ஒற்றைச் சிலிண்டரின் துடிப்பு கெடாமல். 2009இல் வந்த கிளாசிக், 1950களின் வடிவத்தையும் புதிய எஞ்சினையும் சேர்த்தது. அதுதான் திருப்புமுனை. சில ஆண்டுகளில் வண்டிக்குக் காத்திருப்போர் பட்டியல் மாதக்கணக்கில் நீண்டது. 2013இல் ஒரகடத்திலும், 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகள் வந்தன.

இதில் கவனிக்க வேண்டியது, வாங்கியவர்கள் யார் என்பது. பெரும்பாலோர் இருபதுகளில், முப்பதுகளில் இருந்தவர்கள். அப்பா ஸ்ப்ளெண்டர் ஓட்டியவர். தாத்தா காலத்தில் புல்லட்டுக்கு ஒதுங்கி நின்ற குடும்பங்கள். மைலேஜ் பார்த்து வாழ்ந்த ஒரு தலைமுறைக்குப் பிறகு, மைலேஜைப் பொருட்படுத்தாமல் வண்டி வாங்க முடிவதே ஒரு ஏற்றம்.

அவர்கள் வாங்கியதோடு நிற்கவில்லை, கிளம்பினார்கள். தங்க நாற்கரச் சாலைகள் வந்த பிறகு நெடும்பயணம் எளிதானது. ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருபது முப்பது வண்டிகள் வரிசையாகச் சென்று, காலை டிபன் முடித்துத் திரும்புவது ஒரு வழக்கமானது. ராயல் என்ஃபீல்டு நிறுவனமே 2000களின் தொடக்கத்திலிருந்து இமயமலைப் பயணங்களை நடத்துகிறது. கடல் மட்டத்திலிருந்து 17,582 அடி உயரத்திலுள்ள, லடாக்கின் கார்துங் லா கணவாயின் பலகைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி எடுத்த படம், ஒரு பட்டச் சான்றிதழ்போலச் சுவரில் மாட்டப்பட்டது. லடாக் போனவர், போகாதவர் என்று பைக்காரர்களிடையே புது அடுக்கு உருவானது. வண்டியின் விலையைவிட அது கடந்த தூரம் பெரிதாகப் பேசப்பட்டது. வழியில் வண்டி நின்றுபோனால் முன்பின் தெரியாத பைக்காரர் நிறுத்திக் கேட்பது இந்தப் பண்பாட்டின் அழகான பக்கம். சாதி, ஊர், உத்தியோகம் கேட்காமல் ஸ்பேனர் கைமாறும்.

ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் ஒரு புல்லட்டையே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வழிபடுகிறார்கள். 1988இல் விபத்தில் இறந்த ஓம் பன்னா என்ற இளைஞரின் வண்டி அது. அவ்வழியே போகிறவர்கள் பத்திரமான பயணத்துக்கு வேண்டிக்கொண்டு செல்கிறார்கள். நம் ஊரில் நெடுஞ்சாலையோர முனியப்பனுக்குச் சூடம் ஏற்றிவிட்டு லாரி எடுப்பவர்களுக்கு இது வியப்பாகத் தோன்றாது.

வெளிநாட்டு வண்டிகளின் கதை புல்லட்டின் கதைக்கு நேர்மாறு. 2007இல் இந்திய மாம்பழங்களை அமெரிக்கா அனுமதித்தது, ஹார்லி டேவிட்சன் வண்டிகளை இந்தியா அனுமதித்தது. 2010இல் விற்பனை தொடங்கியபோது, உலகின் மிகப் பெரிய இருசக்கர வாகனச் சந்தைகளில் ஒன்று காலடியில் விழும் என்று எதிர்பார்த்தார்கள். நடிகர்களும் தொழிலதிபர்களும் வாங்கினார்கள், அதோடு சரி. பத்தாண்டு முடிவில் ஆண்டு விற்பனை 2,500 அளவில்தான் இருந்தது. 2020 செப்டம்பரில் ஹார்லி தன் இந்தியத் தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தது. பிறகு ஹீரோவுடன் சேர்ந்து, 2023இல் இரண்டே கால் லட்சம் ரூபாயை ஒட்டிய விலையில் எக்ஸ் 440 என்ற வண்டியைக் கொண்டுவந்தது. எட்டாத உயரத்தில் வைத்த பெயரை இந்திய இளைஞரின் மாதத் தவணைக்குள் இறக்க வேண்டியிருந்தது. அதே 2020 ஏப்ரலில் ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம், பிரிட்டனின் புகழ்பெற்ற நார்ட்டனை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. மொபெட்டில் தொடங்கிய ஒரு தமிழ்நாட்டுத் தொழிற்சாலை, ஆங்கிலேயர் பெருமைப்பட்ட வண்டிக்கு உரிமையாளரானது. இது போதுமான அளவு பேசப்படவில்லை.

பெண்களின் பக்கம் மாற்றம் மெதுவாக, ஆனால் ஆழமாக நடந்தது. 1990களில் வந்த ஸ்கூட்டி, கல்லூரிப் பெண்ணுக்கும் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் அண்ணனையோ கணவனையோ எதிர்பார்க்காத பயணத்தைக் கொடுத்தது. 2018இல் தமிழ்நாடு அரசு, வேலைக்குச் செல்லும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்திலிருந்து நகரத்து ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, இரவு ஒன்பது மணிக்குக் கடைசி பஸ் போய்விடுமோ என்ற பயம் இல்லாமல் போவது சிறிய மாற்றமல்ல. பெரிய பைக்குகளிலும் பெண்கள் ஏறினார்கள். 2011இல் பெண்களுக்கென்றே பைக்கர்னி என்ற அமைப்பு தொடங்கியது. சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா ஆண்களோடு ஒரே பந்தயப் பாதையில் ஓட்டிப் பெயர் பெற்றார். கிக்கருக்குப் பதில் பட்டன் வந்ததுமே, புல்லட் ஆண்களால் மட்டும்தான் முடியும் என்ற வாதம் உடைந்துபோனது. ஆனாலும் ஒரு பெண் புல்லட்டில் வந்தால் தெரு திரும்பிப் பார்ப்பது இன்னும் நிற்கவில்லை.

வேகத்தின் பக்கம் கவலைக்குரியது. 2012இல் வந்த கேடிஎம் டியூக் 200, 25 குதிரைத்திறன் கொண்டது. ஸ்ப்ளெண்டரைப்போல மூன்று மடங்கு. பதினெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்த அடுத்த வாரம் அதில் ஏறும் பையனுக்கு, அதை நிறுத்தக் கற்றுக்கொடுப்பவர் யாருமில்லை. நம் ஊர் லைசென்ஸ் தேர்வில் எட்டுப் போட்டால் போதும். திடீர் பிரேக்கை எப்படிப் பிடிப்பது, வளைவில் எங்கே பார்ப்பது என்று எவரும் கேட்பதில்லை. முன்பு தெருவில் இருந்த பார்வையாளர்கள் இப்போது கைபேசிக்குள் இருக்கிறார்கள், லட்சக்கணக்கில். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் 2023 செப்டம்பரில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்த பிரபல யூடியூபர் ஒருவர் கைதானார், அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அவருடைய ரசிகர்களில் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள்.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் சுமார் 50,000 பேர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். ஹெல்மெட்டை டேங்க் மேல் மாட்டிக்கொண்டு போலீஸைக் கண்டதும் தலையில் கவிழ்க்கும் பழக்கத்தை இந்த எண்களுக்கு முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல பயணக் குழுக்களில் ஹெல்மெட், கையுறை, முழங்கால் காப்பு இல்லாதவரை வரிசையில் சேர்ப்பதில்லை. அங்கே கவசம் அணிவதே கெத்து. வேகம் வேண்டும் என்பவருக்கு இருங்காட்டுக்கோட்டையில் 1990இலிருந்து பந்தயப் பாதை இருக்கிறது. அதற்கு முன் சோழவரம் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் பார்க்க ஆயிரக்கணக்கில் கூடினார்கள். நடிகர் அஜித் குமார் இந்தப் பந்தய உலகிலிருந்து வந்தவர். முழுக் கவசத்தோடு அவர் நாடு நாடாகப் பயணம் செய்யும் படங்கள், எந்த விழிப்புணர்வுப் பலகையைவிடவும் இளைஞர்களிடம் அதிகம் வேலை செய்திருக்கும்.

இவ்வளவு மாறிய பிறகும் மாறாத ஒன்று உண்டு. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், பட்டியல் சாதியைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் புல்லட்டில் வீடு திரும்பியபோது வெட்டப்பட்டார். இரண்டு கைகளிலும் காயம். எங்கள் முன்னால் நீ எப்படிப் புல்லட் ஓட்டலாம் என்று கேட்டு வெட்டினார்கள் என்பது அவர் தரப்புப் புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாகி மூவர் கைதானார்கள்.

இந்த வன்மத்துக்குப் பழைய வேர் இருக்கிறது. செருப்பணிந்து செல்லக் கூடாது, சைக்கிளில் வந்தால் எங்கள் தெரு முடியும்வரை இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று தமிழகக் கிராமங்கள் பலவற்றில் விதி இருந்தது. உயரமாக உட்கார்ந்து, நேரே பார்த்து, ஒதுங்காமல் கடந்து செல்வது ஒரு பிரிவினருக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் அது. தாத்தாவை சைக்கிளிலிருந்து இறக்கிய கண்கள், பேரன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கும் புல்லட்டை எளிதில் பொறுத்துக்கொள்வதில்லை. நகரத்து இளைஞனுக்கு அது ஓர் ஆசை வண்டி. கிராமத்தின் அந்தத் தெருவிலோ அது சமத்துவக் கோரிக்கை. அதை ஓட்டுபவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். மோட்டார் சைக்கிளின் அந்தஸ்தைப் பற்றி எழுதுகிறவர்கள் லடாக்கையும் ஹார்லியையும் மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடக் கூடாது.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40. இப்போதைய 350 வரிசை வண்டிகளின் எஞ்சின் 349 சிசி என்பதால் புல்லட்டும் கிளாசிக்கும் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டன, விலை ஆயிரக்கணக்கில் இறங்கியது. சம்பளச் சீட்டோடு ஷோரூமுக்கு வருபவருக்கு ஊர் எது, தெரு எது என்ற கேள்வி அங்கே இல்லை. முன்பணம் கட்டி, பதிவு முடிந்ததும் சாவியை வாங்கிக்கொண்டு, அதுவரை புல்லட்டே நுழையாத தெருக்களுக்கு அவர்கள் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள்.